நர்ஸம்மாவிடம் சொல்ல ஒரு சொல்

பின்லாந்து நாட்டில் தம்பேரே என்றொரு ஊர். அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு துணி துவைக்கிற அறை. அதுதான் குருவுக்கும் சிஷ்யைக்கும் பள்ளிக்கூடம்.

குரு வல்லிக்கு இருபத்தாறு வயது. சின்னப் பிள்ளையாக அந்த நாட்டுக்கு வந்தவள், இப்போது டிராம் ஓட்டுகிறாள். சிஷ்யை பொன்னரசிக்கு முப்பது தாண்டிவிட்டது. அறந்தாங்கிப் பக்கம், கல்யாணமாகி வந்தவள், கைக்குழந்தைக்காரி. மூத்தவள் "டீச்சர்" என்பாள், இளையவள் "அக்கா" என்பாள். மெஷின் ஓடுகிற நேரம்தான் பின்னிஷ் மொழிப் பாட நேரம்.

போன வாரம் கோபத்துக்கு ஒரு சொல் கற்றிருந்தாள் பொன்னரசி. பின்பக்கம் குண்டடி பட்ட கரடி மாதிரி என்பது. அதைக் கொண்டுபோய்ப் புருஷனுக்கே பட்டமாகச் சூட்டிவிட்டாள்.

அன்றைக்குக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வேகவேகமாக வந்தாள்.

"டீச்சர், இன்னைக்கு சந்தோஷத்துக்கு ஒரு சொல்லு குடுங்க. இந்த ஊர்க்காரங்க சொல்ற மாதிரியே, பளிச்சுன்னு இருக்கணும்."

"எதுக்குக்கா?"

"நாளைக்குப் பிள்ளைக்கு கிளினிக். எடை பாத்துட்டு அந்த நர்ஸம்மா என் பக்கம் திரும்பி, 'உங்க மனசு எப்படி இருக்கு?'ன்னு கேப்பாங்க. போன தடவை 'நல்லா இருக்கு'ன்னேன். அதுக்கப்புறமும் என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க!"

"இங்க சும்மா கேக்க மாட்டாங்கக்கா. கேட்டா பதிலுக்குக் காத்திருப்பாங்க."

"நல்ல கூத்து. நம்ம ஊர்ல காய்ச்சல்ல கெடந்தாலும் நல்லா இருக்கேன்னுதானே சொல்லுவோம்?"

வல்லி ஈரப் போர்வையின் ஒரு முனையை அவளிடம் நீட்டினாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதறினார்கள்.

"நாந்தாலின்னு ஒரு ஊர் இருக்கு. 'நாந்தாலி சூரியன் மாதிரி ஜொலிக்கிறேன்'னு சொல்லுங்க. முகமெல்லாம் சிரிப்பா இருக்கிறவங்களைச் சொல்றது."

பொன்னரசி அந்த ஊர் பாஷையில் அதைச் சொன்னாள். ஒரு எழுத்து பிசகவில்லை.

"சரியா டீச்சர்?"

"தப்பு."

"எங்க தப்பு?"

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னாள். பாதியில் குரல் உடைந்தது. போர்வையைக் கொத்தாக அள்ளி அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வல்லி தன் முனையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"புள்ள பொறந்ததுலேருந்து இப்படித்தான் டீச்சர். சோறு இறங்கல. இவ என்னைப் பாத்துச் சிரிக்கிறா, எனக்குத் திரும்பச் சிரிக்க வரல. அவருகிட்ட சொன்னா தூக்கம் பத்தலங்கிறாரு. நர்ஸம்மாகிட்ட சொல்லலாம்னா, சொன்ன அன்னைக்கே பிள்ளையைப் பிடுங்கிட்டுப் போயிடுவாங்களாம். வாட்ஸ்அப்புல வந்துச்சு."

வல்லி பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. மூன்றாம் மாடி ஹெய்க்கி, அழுக்குத் துணிக் கூடையோடு உள்ளே வந்தார். பொன்னரசி அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வாயைத் தச்சு வச்ச மனுஷன்," என்று தமிழில் முணுமுணுத்தாள். "எதிர்ல வந்தாலும் ஒரு ஹலோ கெடையாது."

வல்லி வாளியிலிருந்து குழந்தையின் சின்னக் கவுனை எடுத்தாள். தரையில் போட்டாள். கை தவறி அல்ல, வேண்டுமென்றே.

"ஐயோ, துவைச்ச துணி டீச்சர்!"

பொன்னரசியின் கை நிறையப் போர்வை. அவள் அதைக் கீழே வைக்க இடம் தேடுவதற்குள் ஹெய்க்கி கூடையை இறக்கினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். கவுனை எடுத்து, இரண்டு தட்டுத் தட்டி, அவள் தோள்மேல் போட்டார். வண்டியில் கிடந்த குழந்தையைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைத்தார். தன் மெஷினைப் பார்க்கப் போய்விட்டார்.

"எதுக்கு டீச்சர் கீழ போட்டீங்க?"

"உங்களுக்கு வேண்டிய சொல் அதுல இருக்குக்கா. மனசு சரியில்லன்னா இவங்க 'மனசு தரையில கெடக்கு'ம்பாங்க. மியெலி மாஸ்ஸா."

பொன்னரசி வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, வெளியே கேட்கும்படி சொன்னாள். நாக்கு குழறியது. ஒரு எழுத்தை விழுங்கிவிட்டாள்.

"சரி," என்றாள் வல்லி.

பொன்னரசி தள்ளுவண்டியின் பிடியை இறுகப் பற்றினாள்.

"இதைச் சொன்னா என் பிள்ளையை எடுத்துக்க மாட்டாங்களே?"

"மாட்டாங்க."

"அப்ப என்ன செய்வாங்க?"

"குனிவாங்க, அக்கா."