பாதிக் கூட்டை ஆட்டிப் பார்த்த செம்பி

குருவியும் காக்கையும் நம்மைப் போலவே வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு கிணற்றுக்குக் கிழக்கே ஒரு பனை, மேற்கே ஒரு பனை. இரண்டும் தூக்கணாங்குருவிகளின் ஊர்கள். கிழக்கூரில் நல்ல நார் கிடைக்கும். மேற்கூரில் கூட்டுக்குள் அப்புவதற்கு நல்ல களிமண் கிடைக்கும். காக்கை மட்டும் பாரபட்சமில்லாமல் இரண்டு ஊரிலும் முட்டை திருடித் தின்னும்.

செம்பி மேற்கூரில் பிறந்து கிழக்கூரில் வாக்கப்பட்டவள். அப்போது அவளுக்கு வயிற்றில் முட்டை. மழைக்கு முன்னால் கூடு வேண்டும். புருஷன் சடையன் கூடு கட்டுவதில் மகா கெட்டிக்காரன்தான், ஆனால் கட்டக் கூடாது என்று உத்தரவு. இனி இரண்டு ஊர் கிடையாது, கிணற்றுக்கு மேலே பனையோலைகள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் எல்லோருக்கும் ஒரே பெருங்கூடு என்று தலைவர்கள் முடிவெடுத்திருந்தார்கள்.

"ஒண்ணாயிட்டா காக்கை கிட்ட வராது" என்றார் கிழக்கூர்த் தலைவர் வீரணன்.

"ஆகட்டும். பேர் மட்டும் மேற்கூர்னே இருக்கட்டும்" என்றார் மேற்கூர்த் தலைவர் முடியப்பன்.

எந்த ஊர்ப் பேர் என்ற பேச்சிலேயே பத்து நாள் போயிற்று. செம்பிக்கு வயிறு கனத்தது, பயமும் வந்தது. "என்னங்க, நான் பேருக்குள்ளயா முட்டை வைக்கிறது?" என்று சடையனிடம் கேட்டாள். அவன் பாவம், அலகைத் துடைத்துக்கொண்டான்.

ஒருவழியாக வேலை தொடங்கியது. கிழக்கூரார் நாரை வலப்பக்கமாகச் சுற்றி முடிவார்கள், மேற்கூரார் இடப்பக்கமாக. "அடடா, தெரியாமல் மாற்றிப் போட்டுவிட்டார்களே" என்று இவர்கள் முடிச்சை அவர்களும், அவர்கள் முடிச்சை இவர்களும் அவிழ்த்துத் திருத்தினார்கள். சண்டையே இல்லை, அவ்வளவு மரியாதை! வெளியே பார்த்தால் கூடு வைக்கோல்போர் மாதிரி வளர்ந்தது. உள்ளே ஒரு முடிச்சுகூட உருப்படியாக இல்லை.

குடிபுகும் நாளில் பிள்ளைத்தாய்ச்சி என்று செம்பியைத்தான் முதலில் அனுப்பினார்கள். அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். அவ்வளவுதான், பெருங்கூடு மொத்தமும் பிரிந்து கிணற்றில் விழுந்தது. செம்பி சொட்டச் சொட்ட வெளியே பறந்து வந்தாள். நல்லவேளை, அவளுக்கும் வயிற்றிலிருந்த முட்டைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருந்த காக்கை கிணற்றுமேட்டில் வந்து நின்று விழுந்து விழுந்து சிரித்தது. செம்பிக்கு வந்ததே கோபம். கத்திக்கொண்டே அதன் மேல் பாய்ந்தாள். இரண்டு ஊரும் கத்திக்கொண்டு அவள் பின்னால் பாய்ந்தன. காக்கை ஒரு இறகைப் போட்டுவிட்டு ஓடியே போனது.

எல்லோரும் மூச்சு வாங்கக் கிணற்றுமேட்டில் வந்து உட்கார்ந்தார்கள்.

"மாமா, காக்கையை விரட்ட ஒரே கூடு தேவைப்படலையே" என்றாள் செம்பி வீரணனிடம். பிறகு முடியப்பன் பக்கம் திரும்பினாள். "சித்தப்பா, அவங்கவங்க வீட்டை அவங்கவங்க முடிச்சுல கட்டட்டும். இங்கேருந்து நார் வரட்டும், உங்க பக்கமிருந்து களிமண் வரட்டும். காக்கை வந்தா சேர்ந்து கத்துவோம். பேரு ரெண்டாவே இருந்துட்டுப் போகட்டும்."

பேர் தப்பித்ததில் தலைவர்கள் இருவருக்கும் ஏக சந்தோஷம். உடனே சரி என்றார்கள்.

சடையன் அப்போதே நார் முடியத் தொடங்கினான். பாதி முடிந்ததும் செம்பி வந்து நின்றாள்.

"நிறுத்துங்க. ஒருதடவை முழுசா நம்பிக் குளிச்சது போதும். உட்கார்ந்து ஆட்டிப் பார்க்கிறேன், தாங்கினா மீதியைக் கட்டுங்க."

ஆட்டினாள், தொங்கினாள், குதித்தாள். கூடு அசையவில்லை. மழை வந்தபோது அந்தக் கூட்டுக்குள் மூன்று முட்டைகள் மேல் அவள் சுகமாக உட்கார்ந்திருந்தாள்.

அன்று முதல்தான் தூக்கணாங்குருவிகள் ஒரே மரத்தில் தனித்தனிக் கூடு கட்டி, காக்கை வந்தால் மட்டும் ஒரே குரலில் கத்துகின்றன. ஆண்குருவியும் பாதிக் கூட்டோடு நிறுத்திவிட்டு, அம்மணி வந்து ஆட்டிப் பார்க்கட்டும் என்று இன்றுவரை காத்திருக்கிறது.