அடைக்கோழி எழுந்த வேளை

அந்தக் காலத்தில் கோழிகள் பேசின. ரொம்பப் பழைய காலம் என்று நினைத்துவிடாதீர்கள். முள்ளிப்பட்டிக்குச் செல்போன் வந்துவிட்டது, கோழிகள் இன்னும் வாயை மூடவில்லை. அப்படி ஒரு காலம்.

அந்த வருஷக் கோடையில் ஊருக்குள் கோழிச்சீக்கு புகுந்தது. பத்தே நாளில் அத்தனை கூடும் காலி. மிஞ்சியது ஒரே ஒரு பெட்டை, வெள்ளைத்தாய் வீட்டுக் கொண்டைக்காரி. அவள் அப்போது உடைந்த பானைக்குள் வைக்கோல் போட்டு, பதிமூன்று முட்டைகள் மேல் அடையில் இருந்தாள். அந்தப் பதிமூன்றும் பொரித்தால் முள்ளிப்பட்டியில் மறுபடி சேவல் கூவும். பொரிக்காவிட்டால் அவ்வளவுதான்.

இது கொண்டைக்காரிக்கும் தெரியும். தெரிந்ததால் தலைகால் புரியவில்லை. அந்தக் காலத்து அடைக்கோழி ஒருதரம் உட்கார்ந்தால் இருபத்தோரு நாளும் எழுந்திருக்காது. எழுந்தால் முட்டை ஆறிக் கூமுட்டையாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. இரையையும் தண்ணீரையும் வீட்டுக்காரிதான் அலகுக்கு நேரே கொண்டுவந்து வைக்க வேண்டும்.

"எங்க வம்சத்துல பாதியில எந்திரிச்சவ ஒருத்தி கிடையாது. எங்க பெரியம்மா முட்டை மேலயே உசிரை விட்டா, தெரியுமா?" என்பாள் கொண்டைக்காரி. அதையும் பெருமையாகத்தான் சொல்வாள்.

வெள்ளைத்தாயும் லேசுப்பட்டவள் இல்லை. புருஷன் சீனிப்பாண்டி மஸ்கட்டில் லாரி ஓட்டினான். அவன் கூப்பிடும்போது எடுக்காமல் விட்டுவிடக் கூடாதே என்றுதான் முதலில் செல்போனைக் கையில் வைத்திருந்தாள். அதில் தப்பு சொல்ல முடியுமா? ஆனால் அவன் கூப்பிடாத நேரத்திலும் கை சும்மா இருக்கவில்லை. யாரோ மீன் பொரிப்பதைப் பார்த்தாள், யாரோ ஆடுவதைப் பார்த்தாள், அதைப் பார்த்து வேறு யாரோ சிரிப்பதையும் பார்த்தாள். இங்கே அடுப்பில் அவள் சோறு தீய்ந்தது.

"ஏத்தா வெள்ளைத்தாயி, கம்பு!" என்று கூப்பிட்டாள் கொண்டைக்காரி.

"இந்தா வாரேன். ஒரு நிமிசம்."

அந்த ஒரு நிமிஷம் மூன்று நாள் ஓடியது.

இருபதாம் நாள் உச்சிவேளையில் கொண்டைக்காரிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பெரியம்மா மாதிரியே போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்று நினைத்தாள். முதல் தடவையாக அந்த நினைப்பில் பெருமை வரவில்லை. 'நான் செத்துப்போனா இந்தப் பதிமூணுக்கும் யாரு சூடு குடுப்பா?' என்று யோசித்தாள். யோசித்தவள், அவள் வம்சத்தில் யாருமே செய்யாத காரியத்தைச் செய்தாள். எழுந்தாள்.

வெள்ளைத்தாய் செல்போனைச் சுவரோரம் சார்ஜில் போட்டுவிட்டு முகம் கழுவப் போயிருந்தாள். கொண்டைக்காரி தள்ளாடி நடந்துபோய், இறகை நன்றாக விரித்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

திரும்பி வந்த வெள்ளைத்தாய் ஈர முகத்தோடு அலறினாள்.

"அடிப் பாவி! எந்திரிச்சிட்டியா? ஐயோ, முட்டை! போ, போய் உக்காரு!"

"இந்தா போறேன். ஒரு நிமிசம்" என்றாள் கொண்டைக்காரி.

வெள்ளைத்தாய்க்குச் சுருக்கென்றது. செல்போனை இழுக்கக் கை நீட்டினாள். கொத்து விழுந்தது. அதற்கு மேல் அவள் அங்கே நிற்கவில்லை. பானைக்கு ஓடி, பதிமூன்று முட்டைகளையும் சேலை மடியில் அள்ளிக்கொண்டாள். வயிற்றோடு அணைத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வெயில் விழும் வாசல்படியில் உட்கார்ந்தாள்.

"கம்பு அந்தப் பெட்டியில கிடக்கு, தண்ணி சிரட்டையில இருக்கு. நீயே தின்னுட்டு வா தாயி. எனக்குக் கை ஒழியல."

கை ஒழியவில்லை என்று அவள் ரொம்ப மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் அது நிஜம்.

கொண்டைக்காரி கம்பு கொறித்துக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. வெள்ளைத்தாய் பதறினாள். மடியைப் பார்த்தாள், இருந்த இடத்தை விட்டு எழவில்லை. கொண்டைக்காரி நிதானமாக வந்து பச்சைப் பொத்தானை ஒரு கொத்துக் கொத்தினாள்.

"யாரு? சீனிப்பாண்டியா? நான் கொண்டைக்காரி பேசுறேன்."

"வெள்ளைத்தாய் எங்க?"

"அடையில இருக்கா."

மஸ்கட்டில் லாரியை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது.

"எத்தனை முட்டை?" என்று கேட்டான் சீனிப்பாண்டி.

"பதிமூணு."

"சரி, சரி. அவளை எழுப்பிராத. நான் பொழுது சாயக் கூப்பிடுறேன்."

அவ்வளவுதான். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. கொண்டைக்காரி தண்ணீர் குடித்தாள், வாசலில் புழுதியைக் கிளறி இருபது நாள் அலுப்புத் தீரப் புரண்டு எழுந்தாள். அப்போதுதான் வெள்ளைத்தாய் கத்தினாள்.

"ஏ கொண்டைக்காரி! உள்ள இருந்து தட்டுறான்டி! என் வயித்துல வந்து தட்டுறான்டி!"

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கக் கை இல்லை. கொண்டைக்காரி விழுந்தடித்து ஓடிவந்து மடிக்குள் தலையை விட்டாள்.

"ஆறிப்போகலையா?"

"எங்க ஆறுச்சு? கதகதன்னு இருக்கு."

"நான் எந்திரிச்சும் கெடலையா?" கொண்டைக்காரி மலைத்து நின்றாள். "அப்போ எங்க பெரியம்மா சும்மாவா செத்தா?"

வெள்ளைத்தாய் சுவரோரம் கிடந்த செல்போனைப் பார்த்தாள். அவள் பார்க்காத அத்தனை நேரமும் அதுவும் கெடாமல்தான் கிடந்தது.

மறுநாள் பன்னிரண்டு குஞ்சுகள் பொரித்தன. பதிமூன்றாவது கூமுட்டை. அது முதல் நாளே கூமுட்டைதான் என்று கொண்டைக்காரி கடைசிவரை சாதித்தாள். வெள்ளைத்தாயோ தெருவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "பாதி அடை நான் காத்தது" என்றாள். சீனிப்பாண்டியிடம் பொழுது சாய அரைமணி நேரம் அதே பேச்சுத்தான். அவனும் மஸ்கட் முழுக்க அதைச் சொல்லித் தீர்த்தான்.

கொண்டைக்காரியும் வெள்ளைத்தாயும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அடுத்த அடையிலிருந்து கொண்டைக்காரி தினமும் ஒருதரம் எழுந்து, தின்று, குடித்து, புரண்டுவிட்டுத் திரும்புவாள். எழும்போது சத்தம் கொடுப்பாள். சத்தம் கேட்டதும் வெள்ளைத்தாய், கோழிகளைக் கவிழ்த்து மூடும் மூங்கில் கூடையான பஞ்சாரத்துக்கு அடியில் செல்போனை வைத்துவிட்டு, உட்கார்ந்து நிதானமாகச் சோறு சாப்பிடுவாள். அந்தப் பன்னிரண்டு குஞ்சுகளும் வளர்ந்து வீட்டுக்கு வீடு போனபோது இந்த வழக்கமும் கூடவே போயிற்று.

கோழிகளுக்குப் பேச்சு அப்புறம் நின்றுபோனது. அந்த ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை. அன்றைக்குத் தொடங்கியதுதான், அடைக்கோழி நாளுக்கு ஒருதரம் எழுந்து, மகாராணி மாதிரி இறகைச் சிலிர்த்துக்கொண்டு "கொக் கொக்" என்று ஊரைக் கூட்டுவதும், அதைக் கேட்டு முள்ளிப்பட்டிக்காரர்கள் செல்போனைப் பஞ்சாரத்தால் மூடிவிட்டுச் சோற்றில் கை வைப்பதும்.