டப்பாவில் யார் படம்?

செவல்குளத்தில் ஒரு சின்ன வங்கி இருந்தது. அதன் சேர்மன் பூவலிங்கத்துக்குத் தன் முறுக்குக் கம்பெனிக்கு அந்த வங்கியிலேயே கடன் வாங்க ஆசை. ஆனால் சேர்மனுக்கோ அவர் கம்பெனிக்கோ கடன் தரக்கூடாது என்பது விதி. மனிதர் சளைக்கவில்லை. கம்பெனியைத் தன் வீட்டுச் சமையல்காரி ஆவுடையம்மாள் பேருக்கு மாற்றிவிட்டார்.

"நாளைக்கு பேங்க் மீட்டிங்ல வந்து, 'கம்பெனி என்னோடது'ன்னு நீ சொல்லணும். இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது" என்றார்.

கடன் அடைபடாவிட்டால் தன் தலைதான் உருளும் என்று ஆவுடையம்மாளுக்குப் புரிந்தது. அந்தப் பயத்தில் அன்று ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள்.

மறுநாள் டைரக்டர்கள் முன்னால் பூவலிங்கம் நெஞ்சில் கைவைத்து, "எனக்கும் அந்தக் கம்பெனிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை" என்றார்.

"ஐயா சொல்றது நெசம். கம்பெனி என்னோடதுதான்" என்றாள் ஆவுடையம்மாள். "அதனால கம்பெனி காரோட சாவியைக் கொடுத்துருங்க ஐயா."

பூவலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தார்.

"அப்புறம், முறுக்கு டப்பாவுல இருக்கிற உங்க போட்டோவை எடுத்துட்டு, என் போட்டோவைப் போடச் சொல்லிட்டேன்."

பூவலிங்கம் மேஜையில் ஓங்கி அடித்தார். "அடியே! அது என் கம்பெனி! என் காசு, என் மூஞ்சி!"

மூத்த டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ கடனும் கிடையாது, உமக்கு இந்த நாற்காலியும் கிடையாது."

ஆவுடையம்மாள் எழுந்தாள்.

"கம்பெனியை நாளைக்கு உங்க பேருக்கே திருப்பி எழுதித் தாரேன் ஐயா. அதுவரைக்கும் நான்தானே முதலாளி? ராத்திரிக்கு நீங்க சோறு வடிச்சு வச்சுருங்க."