சடையனின் பழப் பக்கமும் ஜூஸ் பக்கமும்

கடவுள் ஊர் ஊராகப் புத்தியை அளந்து ஊற்றிக்கொண்டு வந்தபோது, கூழையூர்க்காரர்கள் சல்லடையை ஏந்திக்கொண்டு நின்றார்கள் என்று பக்கத்து ஊரில் பேசிக்கொள்வார்கள். எல்லாம் வயிற்றெரிச்சல். வெறுங்கையோடு போகாமல் சல்லடையாவது கொண்டுபோகத் தோன்றியதே, அதற்கே தனிப் புத்தி வேண்டாமா?

அந்தக் கூழையூர்ச் சடையனுக்கு முனீஸ்வரி மேல் கொள்ளை ஆசை. அவளுக்கும் சம்மதம்தான். அவள் அப்பா பூசைத்துரைதான் பெண் கேட்டுப் போனவனை ஏற இறங்கப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"காத்தடிச்சா மாப்பிள்ளை பறந்துருவாரு போலயே! வர்ற வளர்பிறையில நானே வந்து பாக்குறேன். உடம்பு தேறியிருந்தா தட்டு மாத்துவோம். இல்லேன்னா வேற எடம்."

அன்றிலிருந்து சடையனுக்குச் சோறு இறங்கவில்லை. உடம்பு தேற அது சரியான வழியாகத் தெரியவில்லை என்று கூட்டாளிகள் தவசியும் பேச்சிமுத்துவும் அவனைச் சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனார்கள்.

நர்சம்மா பொறுமைசாலி. "டப்பா ஜூஸ்ல வைட்டமினைத் தனியா சேத்திருப்பாங்க, சர்க்கரையும் இருக்கும். முழுப் பழம்னா நார்ச்சத்து அப்படியே இருக்கும், வயிறும் நெறையும். ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க, உங்களுக்கே புரியும்" என்றாள். பிறகு அவள் பருப்பு, முட்டை என்று ஆரம்பித்தபோது மூவரும் தெருமுனையைத் தாண்டியிருந்தார்கள்.

ஒரு டப்பா ஜூஸும் ஒரு கொய்யாப்பழமும் வாங்கிப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள் அல்லவா? உச்சி வெயில் வரைக்கும் பார்த்தார்கள்.

"டப்பாவுல என்னென்ன சத்துன்னு வரிசையா எழுதியிருக்கு. கொய்யாவுல ஒரு எழுத்துகூடக் காணோமே?" என்றான் தவசி.

"உள்பக்கம் எழுதியிருப்பாங்கடா."

பிளந்து பார்த்தார்கள். உள்ளே நெருக்கமாக விதைகள்.

"பாத்தியா? எழுதித்தான் இருக்கு. பொடி எழுத்து, நமக்குத்தான் கண்ணு பத்தலை" என்றான் பேச்சிமுத்து.

வேறு வழியில்லை, தின்றுதான் பார்க்க வேண்டும். ஆனால் ஒருவன் ஜூஸ் குடித்து இன்னொருவன் பழம் தின்றால், அவன் உடம்பு வேறு, இவன் உடம்பு வேறு. அது நியாயமான சோதனை ஆகாது. ஒரே உடம்பில்தான் பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. சடையனை நிற்க வைத்து, நெற்றியில் தொடங்கி வயிறு வரைக்கும் கரியால் ஒரு கோடு இழுத்தார்கள். இடது பக்கம் ஜூஸுக்கு. வலது பக்கம் பழத்துக்கு.

"தொப்புள் எந்தப் பக்கம்?" என்று சடையன் கவலையோடு கேட்டான்.

நெடுநேரம் வாதாடினார்கள். கடைசியில் தவசி தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொது" என்று தீர்ப்புச் சொன்னான்.

ஜூஸ் என்றால் சடையன் இடப்பக்கமாகச் சாய்ந்து படுப்பான். பாதி காதுக்குள் போகும். அதுவும் இடது காதுதான் என்பதால் யாரும் வருத்தப்படவில்லை. பழம் என்றால் வலப்பக்கம் சாய வேண்டும். முழுப் பழம் என்று நர்சம்மா சொல்லியிருந்ததால், நடுவில் மூச்சுவிட நிறுத்தினாலே அது அரைப் பழமாகிவிடும் என்று பேச்சிமுத்து பக்கத்திலேயே நின்று அதட்டுவான். மல்லாந்து படுத்தால் சத்து கலந்துவிடுமாம், அதனால் சுவரில் சாய்ந்தபடிதான் தூக்கம். பாவம், சடையன் முனீஸ்வரியை நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டான்.

பூசைத்துரை வரும் காலையில் நூல் பிடித்து இரண்டு கையையும் அளந்தார்கள். வலது கை பருமன்! பிறந்ததிலிருந்து சடையன் விறகு பிளப்பது அந்தக் கையால்தான், ஆனால் அந்த அற்ப விஷயம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"பழம்தான்டா ஜெயிச்சிருக்கு!" என்று குதித்தான் தவசி.

"அப்போ என் இடது பக்கம் வீணாப் போச்சா?" சடையனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அதைப் பாத்தா அவரு பொண்ணு தர மாட்டாரேடா!"

"அதை எதுக்குக் காட்டுற?" என்று பேச்சிமுத்து அவனை நிலைப்படியில் ஒளித்து நிறுத்தினான். இடது பாதி கதவுக்குப் பின்னால், வலது பாதி வாசலில்.

பூசைத்துரை வந்தார். தெரிந்த பாதியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். தோளைத் தட்டினார். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, தேறிட்டாரே! முனீஸ்வரி இவருக்குத்தான். தட்டை எடுங்கய்யா!" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ரெண்டாவது பொண்ணும் ஒண்ணு இருக்கு. மாப்பிள்ளைக்குத் தம்பி யாரும் உண்டா?"

தவசியும் பேச்சிமுத்துவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். உள்ளே போய்ச் சடையனை அந்தப் பக்கத்துக்கு நகர்த்தி, இடது பாதியை வாசலில் நிறுத்தினார்கள்.

"இருக்காருங்க. இவரு ஜூஸ் மட்டும்தான் குடிப்பாரு" என்றான் தவசி.

பூசைத்துரை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "தம்பி கொஞ்சம் மெலிவுதான். ஆனா அண்ணன் சாடை அப்படியே இருக்கு. சின்னவளுக்கு இவரு போதும், ஒரே பந்தல்ல ரெண்டு கல்யாணத்தையும் முடிச்சிருவோம்!"

அவர் கிளம்பிப் போனதும் சடையன் பேச்சிமுத்துவின் காதில் கிசுகிசுத்தான். "ஏன்டா, தாலி முடிச்சுப் போட ரெண்டு கை வேணுமே. ஆளுக்கு ஒரு கைதானே இருக்கு?"

"கூடப் பொறந்தவங்கடா நீங்க" என்றான் பேச்சிமுத்து. "கல்யாணத்தன்னிக்குக்கூட ஒருத்தருக்கொருத்தர் கை குடுக்க மாட்டீங்களா?"