குரு கேட்ட எண்

தாமிரபரணிக் கரையில் ஆவுடையம்மை நடத்திவந்த மடம் சின்னது. பெரிய சமையல்கட்டு, ஒரு கூடம், அவ்வளவுதான். செங்கல் சூளையில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்குத் தினமும் சாயங்காலம் அங்கே சோறு. அந்தச் சோற்றுக்கு வரும் நன்கொடையெல்லாம் ஒரு போன் வழியாகத்தான் வரும், போகும். போனை வைத்திருந்தவர் கோமதிநாயகம். கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அம்மையிடம் வந்து சேர்ந்த சீடர். குருவைவிட இருபது வயது மூத்தவர். அவர் ‘அம்மா’ என்பார், குரு ‘அண்ணாச்சி’ என்பார்.

ஒருநாள் அந்தப் போனில் குருவின் குரல் கேட்டது.

“அண்ணாச்சி, அவசரம். இப்ப போனுக்கு ஒரு நம்பர் வரும். அதையும் நம்ம கணக்கோட ரகசிய எண்ணையும் சொல்லுங்க.”

சொன்னார். குரு கேட்டால் ஏன், எதற்கு என்று கேட்கிற ஆளா அவர்? பின்கட்டுக்குப் போய் எட்டிப் பார்த்திருந்தால், ஆவுடையம்மை சிவனே என்று முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பது தெரிந்திருக்கும். எட்டிப் பார்ப்பதே குருவைச் சந்தேகப்படுவது என்று நினைத்துவிட்டார் மனிதர். மழைக்காலத்துக்காகச் சேர்த்து வைத்திருந்த பணம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டது.

யூடியூபில் கிடந்த அம்மையின் பேச்சிலிருந்து குரலை எடுத்து, யாரோ எந்திரத்தைப் பேச வைத்திருக்கிறார்கள். சைபர் போலீசில் புகார் கொடுத்தார்கள். கொஞ்சம் பணத்தைத்தான் வழியில் மறிக்க முடிந்தது. பிள்ளைகள் சோற்றுக்குப் பதிலாகக் கஞ்சி குடித்தார்கள். கோமதிநாயகம் தன் பங்குக் கஞ்சியையும் பிள்ளைகளுக்கே ஊற்றிவிட்டார்.

“இந்தச் சனியனை ஆத்துல வீசிருதேன்மா. பழையபடி உண்டியலே போதும்.”

“வீசுங்க. துபாய்ல இருந்து அரிசிக்குப் பணம் அனுப்புற தம்பி, இனி ஒவ்வொரு மாசமும் பிளேன் ஏறி வந்து உண்டியல்ல போடட்டும்.”

கோமதிநாயகம் போனைக் குருவிடம் நீட்டினார்.

“அப்ப நீங்களே வச்சுக்கிடுங்க. நான் இதுக்கு லாயக்கில்ல.”

“நாளைக்கு உங்க குரல்ல எனக்குப் போன் வந்தா?”

நீட்டிய போனைத் திரும்ப மடியில் செருகிக்கொண்டு கேட்டார்.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா. உங்க குரல் எது, கள்ளக் குரல் எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?”

“பேங்குக்குப் போய் எண்ணை மாத்திட்டு வாங்க. யாருக்கும் சொல்லாதீங்க” என்று மட்டும் சொன்னார் ஆவுடையம்மை.

மாற்றிவிட்டு வந்தார். அன்று பந்தியில் அவர் கஞ்சி ஊற்றிக்கொண்டு வரும்போது குரு நிமிர்ந்து பார்த்தார்.

“புது எண் என்ன அண்ணாச்சி?”

கோமதிநாயகம் வாளியைக் கீழே வைத்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பயபக்தியோடு எண்ணைச் சொன்னார். பந்தியே கொல்லென்று சிரித்தது.

“போய் மறுபடி மாத்திட்டு வாங்க” என்றார் குரு.

ஆடி அமாவாசைக்கு ஆற்றில் முழுக வந்த கூட்டம் தாராளமாகக் கொடுத்தது. மடத்தில் மறுபடி சோறு பொங்கியது. கூட்டமெல்லாம் கலைந்தபின் ஆவுடையம்மை அவரைக் கூப்பிட்டார். முகத்தில் சிரிப்பே இல்லை.

“எண்ணைச் சொல்லுங்க.”

இவர் சிரித்துப் பார்த்தார். குரு சிரிக்கவில்லை.

“விளையாடலை அண்ணாச்சி. கேக்கது நானா, வேற ஆளா?”

“நீங்கதாம்மா.”

“நேர்ல நிக்கேன்ல?”

“நிக்கீங்க.”

“பிறகென்ன?”

குருவிடம் மறைப்பதைவிடப் பெரிய பாவம் இல்லை என்று இருந்தவர் கோமதிநாயகம். ஆனால், கஞ்சிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, “தாத்தா, சோறு இல்லையா?” என்று ஒரு பிள்ளை கேட்டது ஞாபகம் வந்தது.

“சொல்ல மாட்டேன்மா.”

“என்னது?”

“நீங்களே கேட்டாலும் சொல்லுததுக்கு இல்ல. அது பிள்ளைக சோறு.”

“இத்தனை வருஷம் எங்கிட்ட இருந்து கத்துக்கிட்டது இதுதானா? அப்ப மடத்துல இடமில்ல. கிளம்புங்க.”

அவர் வாதாடவில்லை. உள்ளே போய், இரண்டு வேட்டியையும் திருநீற்றுப் பையையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

“காலையில பேங்குக்கு வாங்கம்மா. மேனேஜர் முன்னால கையெழுத்துப் போட்டு, கணக்கை முறையா உங்க கையில ஒப்படைச்சிட்டுப் போறேன். எண்ணை அப்புறம் நீங்களே புதுசா வச்சுக்கிடுங்க. என் எண் எங்கூடவே போகட்டும்.”

ஆவுடையம்மை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் கோமதிநாயகம் உடைந்துபோனார்.

“உங்க சொல்லையே தட்டிட்டேனேம்மா. இனி நான் எப்படிச் சீடன்?”

குரு அவர் கையிலிருந்த துணிப்பையை வாங்கினார்.

“இப்பக் கேட்டது என் சொந்தக் குரல் அண்ணாச்சி. அதுக்கே நீங்க அசையலை. இனி எந்தக் குரல் வந்தா நமக்கென்ன?”