பன்னிரண்டு மணி வராத ஊரில் தாய்மாமன்

எட்டுக்குறிச்சிக்காரர்களிடம் ஒரே ஒரு குறைதான். சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். "கொஞ்சம் இங்கேயே நில்லுங்க" என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு நாம் மறந்துபோனால், அவர் அங்கேயே நிற்பார். வீட்டார் வந்து சாப்பாடு கொடுத்துவிட்டு, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போவார்கள்.

அந்த ஊரில் உரக்கடை வைத்திருப்பவர் தணிகாசலம். அவருடைய அக்கா வடிவாம்பாளின் மகன் செழியன், சுவிட்சர்லாந்தில் கடிகாரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறான். கூட வேலை பார்க்கும் ரெகுலா என்ற பெண்ணையே கட்டிக்கொள்வதென்று முடிவாயிற்று. கல்யாணம் அவள் பிறந்த சோலோதூர்ன் என்ற சிறிய பழைய ஊரில். அக்கா ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள்.

"பொண்ணு எந்த தேசமா வேணா இருக்கட்டும். தாய்மாமன் மாலை போடாம என் பிள்ளை தாலி கட்டமாட்டான். தம்பி வரலைன்னா கல்யாணமே கிடையாது."

ஆகவே தணிகாசலம் போயே தீரவேண்டும். வாடாத ஏலக்காய் மாலையோடு, குறித்த நேரத்தில் நிற்கவேண்டும். அவர் போனால் மனைவி பொற்கொடி போகவேண்டும். பொற்கொடி போனால் துணைக்கு அவள் தம்பி கோதண்டம் போகவேண்டும். இந்த மூவரும் போனால் பொற்கொடியின் தங்கை கணவர் வரதப்பனும் போகவேண்டும். ஏனென்றால் குடும்பத்தில் வெளிநாட்டு விவரம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஒருமுறை திருச்சி விமான நிலையத்தின் வாசல்வரை போய் வந்திருக்கிறார்.

செழியன் தொலைபேசியில் அழைத்தான்.

"மாமா, இங்க ஓட்டல் வாடகையைக் கேட்டா கண்ணு பிதுங்கும். சீக்கிரம் புக் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு குறைச்சல்."

மறுநாள் கோழி கூவுவதற்கு முன்பே நால்வரும் குளித்துவிட்டுக் கடைத்தெருவில் இருந்த பிரவுசிங் சென்டர் வாசலில் நின்றார்கள். கடைக்காரர் சவரிராயன் வழக்கம்போல வெயில் ஏறியபிறகு வந்து ஷட்டரைத் தூக்கினார்.

"வாங்க, புக் பண்ணிடலாமா?" என்றார்.

"இப்பவா?" என்றார் தணிகாசலம். "வெயில் வந்திடுச்சே. இதுக்கப்புறம் சீக்கிரம்னு சொல்ல முடியுமா?"

முடியாது என்று நால்வரும் ஒருமனதாகத் தீர்மானித்துத் திரும்பிப் போனார்கள். மறுநாள் இன்னும் முன்னால் வந்தார்கள். அதற்கு மறுநாள் அதற்கும் முன்னால். நாளாக நாளாக வாடகை ஏறிக்கொண்டே போனது. வரதப்பன் கணினித் திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"பார்த்தீங்களா சகலை, விலை ஏறுது. நாம இன்னும் சீக்கிரம் எழுந்திருக்கணும்."

கடைசியில் அவர்கள் பாயும் தலையணையுமாகக் கடை வாசலில் குடியேறினார்கள். ஒதுங்கிப் போக வழியில்லாமல் சவரிராயன் ஒருநாள் விடியலில் கடையைத் திறந்தார். அடுத்த பிரச்சினை அங்கே காத்திருந்தது. செழியன் இன்னொன்றும் சொல்லியிருந்தான்: "பழைய ஊருக்குள்ள எடுக்காதீங்க மாமா. ஊரைச் சுத்தி இருக்கிற மதிலுக்கு வெளிய எடுங்க. தள்ளிப் போகப் போக வாடகை குறையும்."

சவரிராயன் திரையில் வரைபடத்தை விரித்தார். மதிலுக்கு வெளியே ஓர் ஓட்டல் இருந்தது.

"இன்னும் தள்ளுங்க" என்றார் வரதப்பன்.

ஆற்றைத் தாண்டினார்கள். மலையைத் தாண்டினார்கள். எல்லையைத் தாண்டினார்கள். வாடகை குறைந்துகொண்டுதான் வந்தது.

"இதுக்கு மேல கடலுங்க" என்றார் சவரிராயன்.

"கடலுக்கு அந்தாண்ட என்ன இருக்கு?"

வரைபடம் நகர்ந்துகொண்டே இருந்தது. சட்டென்று கோதண்டம் திரையில் விரலை வைத்தான்.

"அத்தான்! இந்த இடத்துக்கு வாடகையே கிடையாது!"

தணிகாசலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். அது எட்டுக்குறிச்சியில் அவருடைய வீடு.

"மதிலுக்கு வெளியதானா?" என்றார்.

"நல்லாவே வெளிய" என்றார் வரதப்பன்.

"கட்டில் எப்படி?"

"பழகின கட்டில்."

"வெந்நீர்?"

"நாமளே போட்டுக்கணும். வாடகை இல்லாத இடத்துல அதுவரைக்கும் எதிர்பார்க்கக் கூடாது."

இவ்வளவு நல்ல இடத்தை விடுவதா என்று மூன்று ஆண்களும் ஏறக்குறைய முடிவுக்கே வந்துவிட்டார்கள். பொற்கொடிதான் குறுக்கே வந்தாள். "அங்கேருந்து கல்யாண மண்டபம் நடக்கிற தூரமான்னு கேளுங்க. இவர் மாலையோட நேரத்துக்குப் போய் நிக்கணும்."

நடக்கிற தூரம் இல்லை என்று சவரிராயன் பணிவோடு தெரிவித்தார்.

தணிகாசலம் பெருமூச்சு விட்டார். "நினைச்சேன். ஏதோ கோளாறு இல்லாம சும்மாவா ஒருத்தன் வாடகை வாங்காம விடுவான்?"

இப்படியாக அந்த வீட்டை நிராகரித்துவிட்டு, ஆற்றுக்கு மறுகரையில் ஒரு பழைய ஓட்டலில் நால்வருக்கும் சேர்த்து ஒரே பெரிய அறையாக எடுத்தார்கள். குளியலறையைப் பக்கத்து அறைக்காரரோடு பங்குபோட்டுக்கொள்ளும் அறை. அதனால் இன்னும் சகாயம்.

விமானம் ஏறியதும், துபாயில் இன்னொன்றுக்கு மாறியதும், சூரிச்சில் இறங்கியதும் பிசகில்லாமல் நடந்தன. வழியெங்கும் அம்புக்குறி போட்டிருந்தது, சொன்னபடி கேட்பவர்களுக்கு அது போதும். செழியன் அவர்களை ஓட்டலில் கொண்டுவந்து விட்டான். அவனுக்கு ஆயிரம் வேலை. வாசலிலேயே நின்று சொல்லவேண்டியதைச் சொன்னான்.

"மாமா, கட்டடம் பழசு. மரத்தளம், கால் வச்சா கிரீச்சுங்கும். ஒரு ஆள் நடக்கிறதுக்கு மேல சத்தம் வராம பார்த்துக்குங்க. நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குக் கல்யாணம். பாலத்தைத் தாண்டினா ஒரு கட்டடத்துல பெரிய கடிகாரம் இருக்கும். அதுக்கு அடியில நில்லுங்க. பன்னிரண்டு ஆனதும் எதிர்ல இருக்கிற மண்டபத்துக்குள்ள வந்துடுங்க. அதுக்கு முன்னாடி வராதீங்க, உள்ள வேற ஜோடிக்குக் கல்யாணம் நடக்கும்."

"நீ சொல்லிட்டே இல்ல மாப்பிள்ளை, விடு" என்றார் தணிகாசலம். செழியனும் நிம்மதியாகப் போனான். அவன் ஊரைவிட்டு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

காலையில் குளியலறையில் தொடங்கியது. தணிகாசலம் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, தொட்டியின் நடுவே சோப்பால் ஒரு கோடு போட்டுவிட்டு, பங்குக்காரருக்காகக் காத்து நின்றார். பக்கத்து அறையிலிருந்து ஒரு நெட்டைப் பெரியவர் துண்டோடு வந்தார். மலையேறுபவர், பனிச்சரிவு பல பார்த்தவர். ஆனால் கதவைத் திறந்ததும் ஒருவர் தொட்டியில் பாதியைக் காட்டி "வாங்க, இது உங்க பங்கு" என்று இரு கையாலும் உபசரிப்பதை அவர் பார்த்ததில்லை. கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனவர் திரும்பி வரவே இல்லை.

"அவர் வரலைன்னு நாம முழுசா குளிச்சா, அவர் பங்கையும் தின்ன மாதிரி ஆயிடும்" என்றார் வரதப்பன்.

நியாயம்தான். ஆளுக்குப் பாதி உடம்பு மட்டும் குளிப்பதென்று ஏற்பாடாயிற்று. மாலை விழும் பகுதி என்பதால் தணிகாசலம் மேல்பாதியைத் தேர்ந்தெடுத்தார்.

அடுத்தது, சத்தம் இல்லாமல் கீழே இறங்குவது.

"நாலு பேர் நடந்தா நாலு ஆள் சத்தம்" என்றார் தணிகாசலம். "ஒரு ஆள் சத்தத்துக்கு மேல கூடாதுன்னான்."

"ஒருத்தன் நடக்க, மத்தவங்க அவன் மேல இருந்தா?" என்றார் வரதப்பன்.

எல்லோரும் கோதண்டத்தைப் பார்த்தார்கள். அவன் உரக்கடையில் மூட்டை தூக்குபவன். மறுபேச்சில்லாமல் குனிந்தான். முதலில் அத்தானைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான், திரும்பி வந்து அக்காவை, பிறகு வரதப்பனை. பழைய மரப்படிகள் ஒவ்வொரு முறையும் அலறின. அறைக்கதவுகள் திறந்து, தலைகள் எட்டிப் பார்த்தன.

"எத்தனை பேர் முழிச்சிட்டாங்க பாரு" என்று வியந்தார் வரதப்பன். "நாலு பேரும் நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்!"

கீழே வந்தபிறகுதான் ஏலக்காய் மாலை மேலேயே இருப்பது தெரிந்தது.

"நான் போய் எடுத்துட்டு வர்றேன் அத்தான்."

"தாய்மாமன் மாலையைத் தாய்மாமன்தான்டா தொடணும்."

ஆகவே கோதண்டம் தாய்மாமனைத் தூக்கிக்கொண்டு மேலே போய், மாலையோடு தூக்கிக்கொண்டு கீழே வந்தான்.

அப்படியும் நேரத்துக்கு முன்பே கடிகாரத்தடிக்கு வந்துவிட்டார்கள். இங்கே ஒரு விவரம் சொல்லியாகவேண்டும். சோலோதூர்ன்காரர்களுக்குப் பதினொன்று என்ற எண்ணின்மேல் ஒரு பிரியம். பதினொரு தேவாலயங்கள், பதினொரு நீரூற்றுகள் என்று விருந்தாளிகளுக்கு எண்ணிக் காட்டுவார்கள். அந்தப் பிரியம் முற்றி, பதினொன்று வரைக்கும் மட்டுமே எண்கள் கொண்ட ஒரு கடிகாரத்தையும் செய்து மாட்டியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஆகவே ஒருவருக்கும் தெரியாது என்று கொள்ளலாம்.

கோதண்டம்தான் முதலில் கவனித்தான்.

"அத்தான், பன்னிரண்டைக் காணோம்."

"நல்லா பாருடா."

"பதினொண்ணு இருக்கு. அதுக்கு அடுத்தது ஒண்ணு."

"கழண்டு கீழ விழுந்திருக்கும்" என்றார் வரதப்பன்.

நால்வரும் குனிந்து கல் பாவிய தரையில் தேடினார்கள். அந்தப் பக்கமாக வந்த சுற்றுலாப் பயணிகள் சிலரும் மரியாதைக்காகக் கூடச் சேர்ந்து தேடினார்கள். கிடைக்கவில்லை.

தணிகாசலம் மாலையை மார்போடு அணைத்துக்கொண்டார். "பன்னிரண்டு ஆகாம உள்ள வராதேன்னு சொல்லியிருக்கான். பன்னிரண்டே இல்லைன்னா நான் எப்பய்யா உள்ள போறது? நான் போகலைன்னா கல்யாணம் நின்னுடும். அக்கா என்னை உயிரோட விடமாட்டா."

"துபாய்ல விமானம் மாறினப்போ பன்னிரண்டு இருந்துச்சு அத்தான். சுவத்துல பார்த்தேன்."

"பாவி, அப்பவே சொல்றதுக்கென்ன? கொஞ்சம் பொறுத்து அதோட வந்திருக்கலாமே!"

பொற்கொடி கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். "இந்த ஊர்ல நமக்கு அறை சகாயமா கிடைச்சப்பவே யோசிச்சேன். நேரத்துல ஒண்ணு குறைச்சுக் குடுக்கிறாங்க."

அந்தச் சமயத்தில் பெரிய தேவாலயத்தின் மணி கணீர் கணீரென்று பன்னிரண்டு அடித்தது. கோதண்டம் காலெடுத்து வைத்தான். வரதப்பன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அது வேற மணிடா. நமக்குச் சொன்னது இந்தக் கடிகாரம்."

மண்டபத்துக்குள்ளே பதிவு அதிகாரி காத்திருந்தார். அடுத்து கல்யாணம் ஆகவேண்டிய ஜோடி வந்து வாசலில் காத்து நின்றது. முன்பே மகனிடம் வந்துவிட்டிருந்த வடிவாம்பாள் தாலியை முந்தானையில் முடிந்துவைத்துக்கொண்டு, தம்பி வராமல் அவிழ்ப்பதில்லை என்று உட்கார்ந்திருந்தாள். செழியன் பட்டுவேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தான்.

"மாமா! பன்னிரண்டு ஆகி எவ்வளவு நேரமாச்சு! இங்க என்ன பண்றீங்க? வாங்க!"

"மாப்பிள்ளை, உனக்குக் கல்யாண அவசரம். எனக்கு நீ சொன்ன சொல்லு முக்கியம். பன்னிரண்டை அதுல காட்டு, வர்றேன்."

கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன், அந்தக் கடிகாரத்தை இப்போதுதான் கவலையோடு பார்த்தான்.

"உங்க கையில இருக்கிற கடிகாரத்துல பாருங்க மாமா. அதுல பன்னிரண்டு இருக்கும்."

தணிகாசலம் பார்த்தார். அது எட்டுக்குறிச்சி நேரம் காட்டும் கடிகாரம். யாரும் மாற்றச் சொல்லாததால் மாற்றவில்லை. மணி மூன்றரையைத் தாண்டியிருந்தது. அவர் மாலையோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போச்சே! ஊர்ல பன்னிரண்டு முடிஞ்சே போச்சு. இங்க வரவே மாட்டேங்குது. நடுவுல எங்கயோ என் மருமகன் கல்யாணம் தவறிப்போச்சே!"

அப்போது சிவப்புப் புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்தபடி ரெகுலா வந்தாள். விஷயத்தைச் செழியன் சொல்லக் கேட்டாள். அவளும் கடிகாரக்காரிதான். மாமாவின் எதிரே மண்டியிட்டு, "மாமா, கை" என்றாள். கடிகாரத்தின் திருகை இழுத்து, முள்ளைப் பின்னோக்கித் திருப்பி, நேராக நிறுத்தினாள்.

"பன்னிரண்டு" என்றாள்.

தணிகாசலம் பார்த்தார். வரதப்பனிடம் காட்டினார். கோதண்டமும் பொற்கொடியும் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். பிறகு நால்வரும் மண்டபத்துக்குள் ஓடிய ஓட்டத்தில் பதிவு அதிகாரி எழுந்து சுவரோரம் ஒதுங்கிக்கொண்டார். மாலை விழுந்தது. முந்தானை முடிச்சு அவிழ்ந்தது. தாலி ஏறியது.

விருந்து முடிந்து ஓட்டலுக்குத் திரும்பும்போது வரதப்பன் ஆழ்ந்த யோசனையில் இருந்தார்.

"சகலை, அந்தப் பொண்ணு திருப்பின உடனே முடிஞ்சுபோன பன்னிரண்டு திரும்பி வந்ததில்ல?"

"வந்துச்சே."

"அப்போ இன்னும் திருப்பினா?"

தணிகாசலம் நின்றார். ஓட்டல் வரவேற்பு மேசைக்குப் போய், அங்கிருந்த பெண்ணின் எதிரே கையை நீட்டி, திருகை இழுத்துப் பின்னோக்கித் திருப்ப ஆரம்பித்தார். விருந்து போயிற்று. மாலை போட்டது போயிற்று. பாதிக் குளியல் போயிற்று. நேற்று வந்து சேர்ந்ததும் போயிற்று.

"அம்மா, நாங்க இன்னும் ஊர்லேருந்து கிளம்பவே இல்லை" என்று அந்தப் பெண்ணிடம் சந்தோஷமாகச் சொன்னார். "வாடகை எதுவும் எழுதிடாதீங்க." பில்லை அச்சடிக்கப் போனவள் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை ருசி கண்டுவிட்டது; அவர் மேலும் மேலும் திருப்பிக்கொண்டே இருந்தார்.

பொற்கொடி பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதும், நிறுத்துங்க! இன்னும் கொஞ்சம் போனா நமக்கே கல்யாணம் ஆகியிருக்காது. அப்புறம் ஒரே அறையில சேர்க்கமாட்டாங்க. ஆளுக்கொரு அறை எடுக்கணும், வாடகை ரெண்டு மடங்கு!"