ஊதுபத்தி கம்பெனியை மறுபடி திறந்த கதை

நத்தம் சாலையில் வேலாம்பட்டி என்று ஒரு ஊர். அங்கே தண்டாயுதபாணி என்பவர் ஊதுபத்தி கம்பெனி நடத்திவந்தார். முதலாளியையும் சேர்த்து மொத்தம் ஐந்து பேர். ஐந்து பேருமே நல்லவர்கள், உழைப்பாளிகள், சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அவர்களுக்கு வந்த கஷ்டமெல்லாம் அந்த மூன்றாவது குணத்தால் வந்ததுதான்.

கொரோனாவுக்காகக் கம்பெனியை மூடி ஐந்து மாதம் ஆகியிருந்தது. பேக்கிங் பார்க்கிற பஞ்சவர்ணம் வீட்டில் ரேஷன் அரிசியில்தான் உலை கொதித்தது. வாசனை கலக்கிற காதர் மைதீன் கை சும்மா இருக்க முடியாமல், மனைவி வைத்த ரசத்தில் சந்தனத் தைலம் கலந்து பார்த்துவிட்டு, அன்றிலிருந்து வாசலில் படுத்துக்கொண்டிருந்தார்.

கம்பெனிகளைத் திறக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்ததும் முதலாளிக்குப் பயம் வந்துவிட்டது.

“வேலைக்கு வந்த இடத்துல யாருக்காவது ஒண்ணு ஆகிப்போனா, அவங்க வீட்டுல நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் பேசுறது?” என்று மேனேஜர் சவரிமுத்துவிடம் கேட்டார்.

“மாஸ்க் போட்ட முகத்தைத்தான் வச்சுக்கணும், முதலாளி. வேற முகத்துக்கு அனுமதி இல்லை,” என்றார் சவரிமுத்து.

இது போதாது என்று தோன்றியதால் முதலாளி டவுனுக்குப் போய் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டு, சட்டப்படி என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

“இதுல இருக்கிறதை ஒரு வார்த்தை விடாம அப்படியே செய்யுங்க. திங்கட்கிழமை ஆய்வாளர் வருவார். அவர் கையெழுத்துப் போட்டாத்தான் கம்பெனி ஓடும். இல்லேன்னா இழுத்து மூட வேண்டியதுதான்,” என்றார்.

முதல் வரி இது: தொழிலாளர்களைக் கலந்து பேசிய பிறகே வேலைக்குக் கூப்பிட வேண்டும்.

“கலந்து பேசணும்னா அவங்க இங்க வரணும்,” என்றார் முதலாளி.

“வரணும்னா நாம கூப்பிடணும்,” என்றார் சவரிமுத்து.

“கூப்பிடணும்னா அதுக்கு முன்னாடி கலந்து பேசியிருக்கணும்.”

இருவரும் ஆளுக்கு இரண்டு டீ குடித்தார்கள். சவரிமுத்துவின் முகம் திடீரென்று பளிச்சென்றது.

“முதலாளி, கூப்பிடாமலே ஆளுங்க வர்ற இடம் ஒண்ணு இருக்கு. எழவு வீடு.”

முதலாளி கொஞ்ச நேரம் யோசித்தார். சட்டத்தில் அதற்குத் தடை எதுவும் தெரியவில்லை. கம்பெனி வாசலில் பாய் விரித்து, தெற்கே தலைவைத்துப் படுத்துக்கொண்டார். சவரிமுத்து சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். “நான் யாரையும் கூப்பிடலை. முதலாளி பாயில படுத்திருக்கார். அம்புட்டுதான் சொல்லுவேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

கால் மணி நேரத்தில் எல்லோரும் ஓடி வந்தார்கள். பஞ்சவர்ணம் தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். காதர் மைதீன் கையில் ரோஜா மாலை இருந்தது. முதலாளி எழுந்து உட்கார்ந்து, “வந்துட்டீங்களா, நல்லது. வாங்க, கலந்து பேசலாம்,” என்றார்.

பஞ்சவர்ணத்துக்கு மயக்கமே வந்துவிட்டது. தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள்.

“மாலையை என்ன பண்றது, முதலாளி?” என்று காதர் மைதீன் கேட்டார்.

“வீணாக்க வேண்டாம், பாய். போட்டுருங்க.”

கூட்டம் முடியும்வரை முதலாளி மாலையும் கழுத்துமாகவே உட்கார்ந்திருந்தார். எல்லோரும் வேலைக்கு வரச் சம்மதம் என்றார்கள்.

அடுத்த வரி: யாரையும் வேலைக்கு வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. ஆகவே முதலாளி எல்லோரையும் நிற்கவைத்து, “நாளைக்கு ஒருத்தரும் வரக்கூடாது. மீறி வந்தீங்கன்னா ஒம்போது மணிக்கு வந்துரணும்,” என்று கண்டிப்பாகச் சொன்னார்.

அதற்கடுத்த வரியில்தான் சிக்கல். அறுபது வயதைத் தாண்டியவர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. வாட்ச்மேன் ஒச்சப்பனுக்கு அறுபத்துமூன்று.

“நான் வீட்டுல இருந்தா இங்க கேட்டை யாரு பாத்துக்குறது?” என்று கேட்டார் ஒச்சப்பன். முப்பது வருஷமாக அந்தக் கேட்டோடு இருந்தவர்.

“வேற ஆளைப் போட்டா உங்க வேலையைப் பறிச்ச மாதிரி ஆயிரும். சட்டம் விடாது,” என்றார் முதலாளி.

“அப்ப ஒரே வழிதான் இருக்கு,” என்றார் காதர் மைதீன். “கேட்டு அவர் வீட்டுக்குப் போகணும்.”

இதில் யாருக்கும் ஒரு குறையும் தென்படவில்லை. வெல்டரை வரவழைத்து, கேட்டை இரண்டு பக்கமும் அறுத்து, வேனில் ஏற்றி, மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒச்சப்பன் வீட்டு முற்றத்தில் நட்டார்கள். ஒச்சப்பன் யூனிஃபார்ம் போட்டு, விசிலை மாட்டிக்கொண்டு, அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் மனைவி தண்ணீர்க் குடத்தோடு வந்தபோது, “யாரைப் பாக்கணும்?” என்று கேட்டார். அந்த அம்மா குடத்தை அங்கேயே இறக்கிவைத்துவிட்டு என்ன பதில் சொன்னாள் என்பதை எழுத முடியாது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, வரக்கூடாது என்று சொன்னபடியே எல்லோரும் வந்துவிட்டார்கள். சவரிமுத்து தாளைப் பிரித்தார். “உள்ளே நுழையும் ஒவ்வொருவருக்கும் கேட்டில் காய்ச்சல் பார்க்க வேண்டும்னு போட்டிருக்கு.”

“கேட்டு ஒச்சப்பண்ணன் வீட்டுல இருக்கே,” என்றாள் பஞ்சவர்ணம்.

“அதான் சொல்றேன். கெளம்புங்க.”

நான்கு பேரும் வெயிலில் மூன்று கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துப் போனார்கள். ஒச்சப்பன் நெற்றியில் கருவியை நீட்டிப் பார்த்தார். நான்கு பேருக்கும் நூறைத் தாண்டிக் காட்டியது. “உள்ளே விட முடியாது,” என்றார் கறாராக. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, மோர் குடித்து, உடம்பு ஆறிய பிறகு மறுபடி காட்டினார்கள். ஒச்சப்பன் சலாம் வைத்துக் கேட்டைத் திறந்தார். அவர்கள் கேட்டுக்குள் நுழைந்து, அவர் வீட்டுக் கொல்லைப்புறம் வழியாக வெளியேறி, கம்பெனிக்கு வந்து சேர்ந்தபோது பகல் மணி ஒன்று. சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதால் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

இப்படியே சனிக்கிழமை வந்தது. மொத்தம் ஒரு குச்சிகூட உருட்டவில்லை. ஆனால் சட்டம் ஒன்றையும் மீறவில்லை என்ற திருப்தி எல்லோருக்கும் இருந்தது.

திங்கட்கிழமை விடிந்ததுமே போய்க் காய்ச்சல் பார்த்துவிட்டு வந்தார்கள். ஆய்வாளர் வருவதற்குள் மிச்சமிருந்த ஒரே சோதனையையும் முடித்துவிடலாம் என்று முதலாளி நினைத்தார். தாளில் இப்படி இருந்தது: வாசனை தெரியாமல் போவது நோயின் அறிகுறி. வேலையைத் தொடங்குமுன் எல்லோரையும் சோதிக்கவும். அறிகுறி உள்ளவரைத் தனியே வைக்கவும். அவர் பெயரை யாரிடமும் சொல்லக் கூடாது.

“ஒரு பத்தியை எடுத்து மோந்து பாப்போம்,” என்றார் முதலாளி.

காதர் மைதீன் தயங்கினார். “மூடுறதுக்கு முன்னாடி உருட்டின குச்சிதான் இருக்கு. அதுக்கு இன்னும் வாசனைத் தைலம் போடலை, முதலாளி. தைலம் போடுறதுதான் என் வேலை. சோதிக்காம நான் எப்படி வேலையைத் தொடங்குறது?”

“நியாயம்தான். அப்ப தைலம் போடாத குச்சியவே எடுங்க.”

முதலில் பஞ்சவர்ணம் முகர்ந்தாள். முகம் வெளுத்துவிட்டது. “ஒண்ணுமே தெரியலையே!”

காதர் மைதீன் முகர்ந்தார். இருபத்தைந்து வருஷமாகச் சம்பங்கியையும் மரிக்கொழுந்தையும் பிரித்துச் சொன்ன மூக்கு. கண்ணை மூடி நன்றாக இழுத்தார். குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தார். சவரிமுத்துவுக்கும் அதே கதி. முதலாளி நான்கு குச்சிகளைச் சேர்த்துப் பிடித்து முகர்ந்தும் பயனில்லை.

“எனக்கு ஒண்ணு ஆனாப் பரவாயில்லை. உங்களை எல்லாம் வரச் சொன்ன பாவி நான்,” என்று முதலாளி கண் கலங்கினார்.

“நீங்க எங்க வரச் சொன்னீங்க? வரக்கூடாதுன்னுதானே சொன்னீங்க,” என்று பஞ்சவர்ணம் அழுதுகொண்டே அவரைத் தேற்றினாள்.

உடனே ஆளுக்கொரு இடமாகத் தனியே போய்விட்டார்கள். முதலாளி ஆபீஸ் அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். பஞ்சவர்ணம் பேக்கிங் அறைக்குள் போனாள். கூடத்தை ஒட்டி நின்றுகொண்டிருந்த வேனில் காதர் மைதீன் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். சவரிமுத்துவுக்கு இடம் கிடைக்காமல், கரித்தூள் வைக்கிற பெரிய டிரம்முக்குள் இறங்கி மூடியை இழுத்துக்கொண்டார்.

பதினோரு மணிக்கு ஆய்வாளர் வந்தார். கேட் இல்லை. ஆளும் இல்லை. நடுக்கூடத்தில் மூன்று ஆடுகள் நின்று அட்டைப்பெட்டியைத் தின்றுகொண்டிருந்தன.

“யாராவது இருக்கீங்களா?” என்று கூப்பிட்டார்.

“இருக்கோம் சார்,” என்றது டிரம்.

ஆய்வாளர் இரண்டடி பின்னால் போனார். “யாருய்யா அது?”

“பேர் சொல்லக் கூடாது சார். சட்டம்.”

“எத்தனை பேர் இருக்கீங்க?”

“ஒருத்தருக்கும் மூக்கு வேலை செய்யலைங்கய்யா,” என்று உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் விம்மியது.

ஆய்வாளர் பொறுமைசாலி. ஒவ்வொரு கதவாகத் தட்டி, கதையைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினார். எல்லாம் கேட்டபின் கீழே கிடந்த குச்சியை எடுத்துப் பார்த்தார்.

“வாசனையே போடாத குச்சி எப்படிய்யா மணக்கும்?”

அவரே அலமாரியில் இருந்த பழைய பாக்கெட் ஒன்றைப் பிரித்து ஒரு பத்தியைக் கொளுத்திவைத்தார். புகை மெல்லப் பரவியது. வேனுக்குள்ளிருந்து, “தாழம்பூ! தாழம்பூ!” என்று காதர் மைதீன் அலறினார். ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். பஞ்சவர்ணம் சிரித்துக்கொண்டே அழுதாள். சவரிமுத்து கரியாக டிரம்மிலிருந்து பாதி எழுந்து நின்று கும்பிட்டார்.

“கேட் எங்கே?” என்று ஆய்வாளர் கேட்டார்.

“வாட்ச்மேன் வீட்டுல சார். அவருக்கு அறுபத்துமூணு வயசு,” என்றார் முதலாளி.

ஆய்வாளர் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்று காலையில் அவர் பார்த்துவிட்டு வந்த நான்கு பெரிய கம்பெனிகளில் கை கழுவ ஒரு சோப்புகூட வைத்திருக்கவில்லை. தாளில் கையெழுத்துப் போட்டார். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது; புகையினால் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

“பதினஞ்சு நாள் கழிச்சு மறுபடி வருவேன். இப்ப எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். ஒரு சின்ன மாத்தம்கூடப் பாக்கக் கூடாது,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னபடி பதினைந்தாம் நாள் பதினோரு மணிக்கு அவர் உள்ளே நுழைந்தார். தாழம்பூ பத்தி புகைந்துகொண்டிருந்தது. வேன் கதவில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாகக் காதர் மைதீன் அசையாமல் நின்றார். பஞ்சவர்ணம் சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள். நடுக்கூடத்தில் இரண்டு ஆடுகள் அட்டைப்பெட்டி தின்றன. அவற்றின் பக்கத்தில் முதலாளி தண்டாயுதபாணி கையையும் காலையும் தரையில் ஊன்றி, வாயில் ஒரு அட்டைத் துண்டோடு நின்றுகொண்டிருந்தார்.

டிரம்மிலிருந்து கரியாகப் பாதி எழுந்து நின்ற சவரிமுத்து கும்பிட்டார்.

“மன்னிக்கணும் சார். மூணாவது ஆட்டை நேத்துக் கெடா வெட்டுக்குக் கொண்டுபோயிட்டாங்க. முதலாளி தானாத்தான் முன்வந்தார். நாங்க யாரும் கட்டாயப்படுத்தலை.”